சர்வகலாசாலை முற்றங்கள் – 9: கவியின் ஆசிரமத்தில் மல்யுத்தம்

சென்ற வாரம் சாந்திநிகேதனத்து வகுப்புகளை மாந்தோப்பு நிழலில் விட்டுவந்தோம். வகுப்பு கலைந்த பிறகு அவ்வளாகத்தில் நடப்பவற்றைப் பார்ப்பது இவ்வாரத்து வேலை. ஆனால் 'கலைந்த பிறகு' என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. ஏனெனில், நம் சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் சங்கீதமும் நாடகமும் தேகாப்பியாசமும் ஊர்ச்சேவையும் இலையோரத்து ஊறுகாயாக வைக்கப்பட்டு, பரீட்சை நெருங்கியதும் முதலில் ஒதுக்கப்படுகின்றன. 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்தே மாணவர்களோடு ரவீந்திரநாத தாகூர் தொடங்கி, 1921-இல் விசுவபாரதியாக விரிந்த அந்த ஆசிரமத்திலோ, இவற்றுக்கும் பாடத்துக்கும் நடுவே வேலி போட வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தேகாப்பியாசத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாகூரைப் புகழ்கிறவர்கள் தாடியையும் கீதத்தையும் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை. ஜூஜுத்ஸு கற்பிப்பதற்கென்று 1905-இலேயே ஸானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானிய ஆசிரியர் ஆசிரமத்துக்கு வந்துசேர்ந்தார். பின்னர் 1929-இல் ஷின்ஸோ தாககாகி என்ற ஜூடோ விற்பன்னரை அழைத்துவந்து, மாணவர்களோடு மாணவிகளையும் அவரிடம் பயிற்சிக்கு அனுப்பினார் கவிஞர். பெண்பிள்ளை உரக்கச் சிரித்தாலே முகம் சுளித்த ஒரு காலத்தில், அவள் தன்னைத் தாக்க வருகிறவனைத் தோளுக்கு மேல் தூக்கிப் போடக் கற்பது எத்தனை வீடுகளில் பேச்சாகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதோடும் நில்லாமல், கல்கத்தாவில் அம்மாணவிகள் தங்கள் வித்தையை அரங்கேற்றிக் காட்டியபோது, கூச்சத்தையும் பயத்தையும் உதறச் சொல்லும் ஒரு பாட்டை அதற்கென்றே இயற்றித் தந்தார். பொருளாதார மேதை அமர்த்திய சென்னின் தாயாரான அமிதா சென் அங்கே ஜூடோ பயின்றவர். தாகூரின் நாட்டிய நாடகங்களில் கல்கத்தா மேடையேறி ஆடியவரும் அவரே. ஒரே தேகம் இரண்டையும் கற்றது. அங்கிருந்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நடனம் அங்கே புகுந்த வழியும் இதை ஒட்டியதுதான். 1919-இல் சில்ஹெட்டுக்குச் சென்றபோது மணிபுரி நடனத்தைக் கண்டு மனம் பறிகொடுத்த தாகூர், அதைக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை வரவழைத்தார். ஆனால் அது முதலில் ஆண்பிள்ளைகளுக்கு, மிருதங்க ஜதியோடு கூடிய தேகப் பயிற்சியின் ரூபத்திலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டது. இதில் கொஞ்சம் சாதுரியமும் இருந்தது என்பது என் அபிப்பிராயம். நடனமென்றால் நெற்றி சுருக்கும் சமூகம் அப்பியாசமென்றால் சும்மா இருந்துவிடும் அல்லவா? அவ்வாறு திறந்த கதவின் வழியே, 1926-இல் 'நடீர் பூஜா' நாடகத்தில் ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி கதாநாயகியாக ஆடினார். குலஸ்திரீகள் மேடையேறுவதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், ஆட்டம் நிற்கவில்லை. (தெற்கிலிருந்து போன ஒரு மாணவி பாடக் கேட்டு, மதுரை மீனாட்சியின் மேல் முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கீர்த்தனையின் மெட்டிலேயே தாகூர் ஒரு வங்காளப் பாட்டை அமைத்தார் என்பதை, நம் ஊர்ச் சம்பந்தம் கருதி இங்கே சொல்லி நகர்கிறேன்.)

இனி, ஓவியமும் சிற்பமும் பயிலும் கலாபவனம். 1919-இல் தோன்றி, நந்தலால் போஸின் தலைமையில் வளர்ந்த அக்கூடத்தில் பணம் குறைவு. அந்தக் குறைவே அதன் கலைக்கு ஒரு தனி மொழியைத் தந்தது. மாணவர் தங்கும் மண்வீடு ஒன்றின் சுவர்களில் பார்ஹுத் சிற்பங்களையும் சிந்துவெளி முத்திரைகளையும் எகிப்திய உருவங்களையும் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து புடைப்பாகச் செதுக்கி, மழையும் கரையானும் அண்டாதிருக்கத் தார் பூசினார்கள். கரிய நிறத்தால் 'காலோ பாடி' என்று பெயர் பெற்ற அவ்வீடு இன்றும் நிற்கிறது. வெண்கலம் வாங்க வழியில்லாத ராம்கிங்கர் பைஜ், 1938-இல், சிமெண்டையும் அந்த மண்ணின் செம்புறைக் கற்பொடியையும் குழைத்து, மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நாயோடும் பிழைப்புத் தேடிப் போகும் ஒரு சந்தால் குடும்பத்தை ஆளுயரத்துக்கும் மேலாகத் திறந்த வெளியில் நிறுத்தினார். ராஜாக்களுக்கும் வைஸ்ராய்களுக்கும் மட்டுமே சிலை வைத்துப் பழகிய தேசத்தில், சிலையாக நின்றவர்கள் அதே வழியாக வேலைக்குப் போகிறவர்கள்! பிறவியிலேயே பார்வை மங்கிய பினோத் பிஹாரி முகர்ஜி, ஹிந்தி பவனத்துச் சுவர்களில் மத்தியகால பக்தர்களை எழுதிய கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இங்கே ஒரு வரியில் அடங்காது.

உற்சவங்களும் இப்படியே. 1928-இல் தொடங்கிய விருட்சாரோபணத்தில், பூ அலங்கரித்த பல்லக்கில் ஒரு மரக்கன்றை ஏற்றி, ஆட்டத்தோடும் பாட்டோடும் ஊர்வலமாகக் கொண்டுபோய் நடுகிறார்கள். மறுநாள் பக்கத்து ஸ்ரீநிகேதனத்தில் ஏர் பூட்டும் விழா. மகாளய தினத்து ஆனந்த பஜாரில் மாணவர்கள் தம் கையால் செய்த பண்டங்களை விற்று, வந்த லாபத்தைச் சேவைக்குக் கொடுக்கிறார்கள்.

இவ்வுற்சவங்களின் புகழுக்கு ஒரு விலையும் உண்டு. வசந்த உற்சவத்துக்குக் காரிலும் ரயிலிலும் திரண்ட கூட்டம் வளாகத்தையே திணறடிக்க, சில ஆண்டுகளாக வெளியாரை விலக்கித் தமக்குள்ளேயே அதைக் கொண்டாடுகிறார்கள். 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சாந்திநிகேதனத்தைச் சேர்த்த பின் கூட்டம் குறையுமென்று எதிர்பார்ப்பது பேதைமை. கதவைச் சாத்தியதற்காக வருந்தினவர்கள் பலர். நான் அவர்களோடு சேரமாட்டேன். பார்க்க வருகிறவர்கள் மிகுந்துவிட்டால் ஆடுகிறவர்களும் அவர்களுக்காகவே ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் நந்தலால் பிறந்தநாளை ஒட்டி டிசம்பர் 1, 2 தேதிகளில் கலாபவனத்தார் நடத்தும் நந்தன் மேளாவுக்கு எவரும் போகலாம். அங்கே மாணவரும் ஆசிரியரும் விற்கும் சித்திரங்களுக்கும் மண்பாண்டங்களுக்கும் கொடுக்கும் பணம், நோயிலும் கஷ்டத்திலும் அகப்பட்ட மாணவர்களுக்கு உதவும் நிதிக்குப் போகிறது.

(தொடரும்)