விளம்பர அழைப்பைத் தடுத்தால் மழைச் செய்தி நிற்காது

புரட்டாசி பிறந்துவிட்டால் சூலக்கரைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் யாருக்கும் ஓய்வு கிடையாது. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் விதைக்கும் குடியானவர் வானத்தையும் பார்க்க வேண்டும், செல்போனையும் பார்க்க வேண்டும். மழை பற்றிய தகவல் அதில்தான் வருகிறது. பி.எம். கிசான் தவணை, பயிர்க் காப்பீட்டுத் தொகை, வங்கிக் கடன் பற்றிய செய்திகளும் அதில்தான். அதே சமயத்தில் தீபாவளியை ஒட்டி, குறைந்த வட்டியில் கடன், தவணையில் வீட்டுமனை, பாதி விலையில் சிவகாசிப் பட்டாசு என்று விளம்பரங்களும் வந்து குவிகின்றன. முதுகில் இருக்கும் தெளிப்பானை இறக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தால், பதிவு செய்த குரல் ஒன்று பேசுகிறது. திருப்பித் திட்டலாம் என்றாலும் அதற்குக் காது இல்லை!

இதை நிறுத்த வழி உண்டு என்பது பலருக்குத் தெரியும். ஆனால் விளம்பரத்தைத் தடுத்தால் மழைச் செய்தியும் வங்கிச் செய்தியும் சேர்ந்து நின்றுவிடுமோ என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்தப் பயம் தேவையற்றது.

அழைப்பு வேண்டாம் என்போரின் பதிவேட்டை டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் ஏற்படுத்தியது. 2010இலும் 2018இலும் விதிகளைப் புதுப்பித்தது. 2025 பிப்ரவரியில் 2018ஆம் ஆண்டு விதிகளையே இன்னும் இறுக்கியது. இவற்றின்படி தடுக்கப்படுவது விளம்பரம் மட்டுமே. கணக்கில் பணம் ஏறியது, எடுத்தது பற்றிய வங்கிச் செய்திக்கும், அரசு அனுப்பும் செய்திக்கும் தடை இல்லை. மத்திய வேளாண் துறை 2013இல் தொடங்கிய எம்-கிசான் குறுஞ்செய்திகள் இந்த அரசுச் செய்தி இனத்தைச் சேர்ந்தவை. புயல், வெள்ளம் என்றால் போன் அலறிக்கொண்டு காட்டும் அவசர எச்சரிக்கை கோபுரத்திலிருந்து நேராக ஒலிபரப்பாவது. அதற்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் செல்போனிலிருந்து 1909 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை. விளம்பரம் முழுவதையும் தடுக்கலாம். அல்லது கடனும் காப்பீடும் ஒரு வகை, வீட்டுமனை ஒரு வகை, கல்வி ஒரு வகை என்று பிரித்து, வேண்டாததை மட்டும் தடுக்கலாம். உழவுக்கென்று தனி வகை கிடையாது. ஆகவே முழுவதையும் தடுத்துவிடுவதே சிலாக்கியம். விதை வேண்டுமானால் கடைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு விளம்பரம் வேண்டியதில்லை.

எண்ணைப் பார்த்தே ஓரளவு இனம் காணலாம். 140 என்று தொடங்கினால் விற்பனை அழைப்பு. 1600 என்று தொடங்கும் எண்கள் வங்கி, காப்பீடு, அரசு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்காக ஒதுக்கப்பட்டவை. குறுஞ்செய்தியில், அனுப்பியவரின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2025 மே மாதம் முதல் வந்த ஏற்பாடு இது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் போதும். ஆனால் எந்த எண்ணிலிருந்து வந்தாலும், கேட்பவர் யாராக இருந்தாலும், ஓ.டி.பி. எண்ணை மட்டும் சொல்லக் கூடாது.

சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் கடன் தருகிறேன், மனை தருகிறேன் என்று விளம்பரம் செய்தால் அது விதிமீறல். நீங்கள் முன்பே பதிவு செய்திருக்காவிட்டாலும் அவர் மீது புகார் சொல்லலாம். 2025ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வசதி இது. அதே 1909க்கு, அழைத்த எண், தேதி, என்ன பேசினார் என்ற விவரத்தை ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும். முன்பு மூன்று நாள்தான் அவகாசம். பத்து நாளில் ஐந்து பேர் ஒரே எண்ணைப் பற்றிப் புகார் செய்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். முதல் தடவை என்றால், அந்த ஆளின் வெளி அழைப்புகள் 15 நாள் நிறுத்தப்படும். மறுபடியும் செய்தால் அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஊரில் ஐந்து பேருக்கு ஒரே அழைப்பு வருவது சகஜம். ஐவரும் டீக்கடையில் பேசித் தீர்ப்பதை விட 1909இல் பேசினால் பலன் உண்டு.

அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்மதமின்றிப் பதிவுக் குரலில் அழைத்தவர் மீது பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட்டு, அழைப்பு ஒன்றுக்கு 500 டாலர் கேட்கலாம். நம் விதியில் அப்படிப் பணம் கிடையாது. இணைப்பைத் துண்டிப்பதுதான் தண்டனை.

இதில் நம்மவர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றும் உண்டு. கமிஷன் தருகிறேன் என்று யாராவது கேட்டார் என்பதற்காக, உங்கள் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கித் தராதீர்கள். அவர் அதில் ஆயிரம் பேருக்கு அழைத்தால், துண்டிக்கப்படுவது உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள். மழைச் செய்தியும் வராது, வங்கிச் செய்தியும் வராது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

பட்டாசு விஷயம் வேறு. இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் தேதி தடை விதித்தது. சிவகாசிப் பெயரைப் போட்டு, முன்பணம் அனுப்பச் சொல்லி வரும் செய்திகளில் பல வெறும் மோசடி. பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பதால் நமக்குத் தெரிந்துவிடும். சென்னையிலும் கோவையிலும் இருக்கும் உறவினர்தான் ஏமாறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். பணம் போய்விட்டால் 1909 உதவாது. 1930 என்ற சைபர் குற்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை எட்டாத தூரம் கொண்டுபோய்விடும்.

நாற்றுப் பண்ணை வைத்திருப்போரும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நடத்துவோரும் இந்த விதி மற்றவர்களுக்குத்தான் என்று எண்ண வேண்டாம். மொத்தமாகக் குறுஞ்செய்தியோ பதிவுக் குரலோ அனுப்ப நினைத்தால், முதலில் தொலைபேசிக் கம்பெனியிடம் அனுப்புநராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தானியங்கி முறையில் அழைப்பதாக இருந்தால் அதையும் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். விளம்பரச் செய்தி என்றால், வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள அதிலேயே வழி இருக்க வேண்டும். விலகியவரிடம் 90 நாளுக்கு மறுபடி சம்மதம் கேட்கக் கூடாது.