இருபது பவுண்டுச் சுவர்

திறந்தவெளியில் குண்டு வெடித்தால் அதிர்வலை எல்லாப் பக்கமும் விரிந்து சீக்கிரமே வலுவிழந்துவிடும் என்று போன வாரம் பார்த்தோம். சுரங்கவழிக்குள் அந்தச் சலுகை கிடையாது. கூரையும் பக்கப்பாறையும் விரியவிடாது; முன்னே, பின்னே, இரண்டே திசைதான். அதனால் அலை அவ்வளவாகத் தணியாமல் வெகுதூரம் ஓடும்.

2006 ஜனவரி 2, காலை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள சாகோ நிலக்கரிச் சுரங்கம். வெட்டி முடித்த பகுதி ஒன்றைச் சில வாரங்களுக்கு முன்புதான் பத்துச் சுவர்கள் எழுப்பி அடைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 40 அங்குலக் கனம். நார் கலந்த, எடை குறைந்த சிமெண்ட் கட்டிகள். அடைத்த இடத்தில் மீத்தேன் ஊறிக்கொண்டே இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் வெடிக்கும். அதற்கு மேலே போய்விட்டால் பயமில்லை. ஆனால் மேலே போக அந்த வரம்பைக் கடந்தாக வேண்டுமே! அந்த நேரம் பார்த்து வெளியே மின்னல் அடித்தது. உள்ளே விட்டுவந்த பம்ப் கேபிளில் அது மின்சாரத்தைத் தூண்டியிருக்கக்கூடும் என்றது அரசு விசாரணை.

பத்துச் சுவர்களும் சிதறின. சுரங்கத்துக்குள் சிக்கிய 13 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு.

சுவர்கள் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு தாங்கினால் போதும் என்பது அன்றைய சட்டம். பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டர் முன்சக்கரத்துக்கு அடிக்கும் காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெடிப்பு எங்கோ தள்ளி நடக்கும், சுவரை எட்டுவதற்குள் தணிந்துவிடும் என்ற நினைப்பில் வந்த எண் அது. சுவருக்குப் பின்னாலேயே வாயு நிறைந்திருந்தால் கணக்கு மாறிவிடும். சாகோவில் அழுத்தம் 93 பவுண்டையும் தாண்டியது என்றார்கள் விசாரணை அதிகாரிகள்.

தீ ஓடும்போது, எரியாத வாயுவைத் தனக்கு முன்னே தள்ளி நெருக்குகிறது. நெருங்கிய வாயு எரியும்போது அழுத்தம் இன்னும் ஏறும். வழியில் நிற்கும் முட்டுத்தூண்களில் மோதிச் சுழன்றால் தீயின் வேகமும் கூடும். கடைசியில் சுவரில் முட்டித் திரும்பும் அலை, வந்த அழுத்தத்தை இரண்டு மடங்குக்குக் குறையாமல் சுவர்மேல் ஏற்றும். ஒரு குண்டின் அடி சில மில்லிவிநாடியில் ஓய்ந்துவிடும். கனத்த சுவர் அசைவதற்குள் ஆபத்து கடந்துவிடலாம். இங்கே சூடான வாயுவுக்குப் போக்கிடமில்லை, தள்ளிக்கொண்டே இருக்கும். 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள சுவர் என்றால், 93 பவுண்டுக்கு ஏறக்குறைய 780 டன் பாரம். அது முழுவதும் சுவரின் நான்கு விளிம்புகள் வழியாகப் பாறைக்குள் இறங்க வேண்டும். பாறையோ தலைக்கு மேலுள்ள மலையின் எடையில் ஏற்கெனவே இறுகி நிற்பது. கூடுதல் பாரம் ஏறினால் அது விரிசல் விடலாம். ஆகவே சுவரின் கனத்தைப் போலவே, அது கூரையையும் தரையையும் கவ்விப் பிடித்திருக்கும் விதமும் முக்கியம்.

அடைபட்ட இடத்தில் மீத்தேன் எரிந்தாலே 120 பவுண்டு வரும். 50 மீட்டருக்கு மேல் ஓட இடம் கிடைத்தால் 640 வரை போகலாம் என்றது 2007-இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று. 2008-இல் வந்த விதி 120 கேட்டது. உள்ளிருக்கும் வாயுவைக் கண்காணித்து, வெடிக்காத நிலையிலேயே வைத்திருந்தால் 50 போதும் என்றது. எனக்கு அந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. 640 பவுண்டுக்குச் சுவர் எழுப்புவதைவிட, உள்ளே நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனைக் குறைத்துவிடுவது சுலபம்.

(தொடரும்)