ஏரி மராமத்தில் கட்டப் பரிசீலனையும் கணக்கு வைத்தலும்

ஏரி மராமத்துக்கு மற்ற வேலைகளுக்கில்லாத ஒரு தன்மை உண்டு. வேலை முடிந்து மழை பெய்தவுடன் செய்த வேலையில் பெரும்பகுதி நீருக்குள் மறைந்துவிடுகிறது. வண்டல் எவ்வளவு ஆழம் எடுக்கப்பட்டது, மதகின் அடித்தளம் எவ்வளவு இறக்கப்பட்டது என்பவற்றைப் பின்னர் எவரும் எளிதில் கண்டறிய இயலாது. அப்போது சாட்சியாக நிற்பது கணக்கு ஒன்றே.

இதனை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர் என்பது அவற்றில் கண்ட விதி. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபோது, பாசனதாரர் சங்கங்களிடமே வேலைகள் ஒப்படைக்கப்பட்டன. செலவில் பத்திலொரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அவர்கள் ஏற்கவேண்டுமென விதிக்கப்பட்டது. வேலையைத் தாமே ஏற்கும் குடியானவர் அதன் கணக்கையும் தாமே ஏற்றவராகிறார்.

கட்டங்களாகப் பிரித்தல்

பிரிட்டிஷ் அரசாங்கத்தார் 1989-இல் கணிப்பொறி வேலைகளுக்கென வகுத்த பிரின்ஸ் என்னும் முறை, 1996-இல் எல்லாவித வேலைகளுக்கும் ஏற்றதாக விரிவாக்கப்பட்டு பிரின்ஸ்-2 எனப் பெயர் பெற்றது. வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தைப் பரிசீலித்த பின்னரே அடுத்ததற்கு அனுமதி அளிப்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. ஏரி வேலைக்கும் இவ்விதி முற்றும் பொருந்தும்.

கட்டத்தின் எல்லையைத் தேதியைக் கொண்டு மட்டும் வகுத்தல் போதாது. செய்த வேலை எப்போது கண்ணுக்கு மறையுமோ, அதற்கு முன் ஓர் எல்லை இருக்கவேண்டும். வண்டல் வெட்டுமுன் தரைமட்டம் எடுத்தல் ஒன்று. மதகின் அடித்தளத்தை மண்ணிட்டு மூடுமுன் பார்வையிடுதல் மற்றொன்று. வெட்டிய பரப்பில் நீர் ஏறுமுன் இறுதி அளவு எடுத்தல் வேறொன்று. கரைக்கு மண்ணிடும்போது ஒவ்வோர் அடுக்கும் சுமார் 23 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் பரப்பி, நீர் தெளித்துக் கெட்டித்த பிறகே அடுத்த அடுக்கு இடத்தக்கது. மேலடுக்கு விழுந்த பின் கீழடுக்கின் குறை வெளிப்படாது; கரை உடையும்போதுதான் வெளிப்படும்.

பரிசீலனையில் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. எவ்வளவு வேலை ஆயிற்று? செலவு மதிப்பீட்டுக்குள் அடங்கிற்றா? எஞ்சிய வேலை மழைக்கு முன் முடியுமா? அடுத்த கட்டத்தைத் தொடங்குவது தகுமா? நான்காவதே மிக முக்கியமானது. செப்டம்பர் இறுதியில் பழைய மதகை இடித்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்குள் புதியதைக் கட்டி முடிக்காவிடில், அவ்வாண்டு ஏரியில் நீர் தேக்க வழியில்லை. ஆயக்கட்டு முழுவதும் தரிசாகக்கூடும். மதகு இடிபடுமுன் கூடி, அவ்வேலையை மறு கோடைக்குத் தள்ளிவைக்கத் தீர்மானித்தால், அந்தப் பரிசீலனை ஒரு போகத்தைக் காத்ததாகும்.

அளவுப் புத்தகம்

அளவுகளை வேலையிடத்திலேயே மையினால் எழுதவேண்டும். பக்கங்களுக்கு முன்கூட்டியே வரிசை எண் இருத்தல் வேண்டும். எந்தப் பக்கத்தையும் கிழித்தலாகாது. தவறிய எண்ணைச் சுரண்டி அழிக்காமல், குறுக்கே கோடிட்டுச் சரியானதை எழுதிக் கையொப்பமிடுதலே முறை. வெட்டும் குழிகளில் இடையிடையே வெட்டாத மண் திட்டுகளை விட்டுவைத்தால், பழைய மட்டத்துக்கு அவை சாட்சியாகும். இறுதி அளவு முடியும்வரை அவற்றைக் கரைத்தல் கூடாது.

வண்டி எண்ணிக்கையைக் குழி அளவோடு குழப்புவதால் எழும் வழக்குகள் பல. உதாரணமாக, 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள பரப்பில் சராசரி முக்கால் மீட்டர் ஆழம் வெட்டினால் கிடைப்பது 1,500 கன மீட்டர். வெட்டிய மண் பொதுமிக் காலளவு கூடுமாயின், வண்டியில் ஏறுவது 1,875 கன மீட்டர். வண்டிக்கு 3 கன மீட்டர் வீதம் 625 நடை ஆகும். நடைக்கணக்கை அப்படியே குழிக்கணக்காகக் கொண்டால், வெட்டாத 375 கன மீட்டருக்குக் கூலி போய்விடும். ஆகையால் எந்த அளவின்படி பணம் தரப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் அவசியம்.

அறிக்கை

வாராந்தர அறிக்கை ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் போதும். முடிந்தது, எஞ்சியது, செலவானது, தடையாயிருப்பது, சபையார் தீர்மானிக்கவேண்டியது ஆகிய ஐந்தும் அதில் இருக்கவேண்டும். சிறு மாறுதல்களுக்கெல்லாம் சபையைக் கூட்டுதல் வீண். செலவிலும் காலத்திலும் இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று வரம்பு வகுத்து, அவ்வரம்பு மீறப்படும் எனத் தோன்றியவுடனே, மீறிய பின்பல்ல, தெரிவிக்கும்படி மேற்பார்வையாளரைப் பணித்தல் நலம்.

வேலை முடிந்ததும் அளவுகளையும் வரவுசெலவையும் கிராம சபையில் படித்துக்காட்டி, ஒரு பிரதியைச் சங்கத்தில் பத்திரப்படுத்தவேண்டும். அடுத்த முறை தூர் வாரும்போது, வண்டல் எத்தனை ஆண்டில் எவ்வளவு படிந்தது என்பதைக் காட்டி, புதிய மதிப்பீட்டுக்கு ஆதாரமாக உதவுவது அப்பிரதியே.