முகத்தில் எழுதியிருக்கிறதா பூர்வீகம்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: நாட்டில் ஆங்கிலோ-இந்தியர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, 2019 டிசம்பரில் மக்களவையில் அரசுத் தரப்பு அளித்த விடை 296. அரசமைப்புச் சட்டத்தின் 126-ஆவது திருத்த மசோதா மீது பேசிய அன்றைய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆதாரமாகக் காட்டி இந்த எண்ணைக் கூறினார். கேரளத்தின் ஹிபி ஈடன் மக்களவையிலும், அச்சமூகத்தைச் சேர்ந்தவரான திரிணமூல் காங்கிரஸின் டெரிக் ஓ'பிரையன் மாநிலங்களவையிலும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். சமூகத்தின் பிரதிநிதிகளோ தங்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் குறையாது என்றனர். ஆனாலும் மசோதா நிறைவேறியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தொகுதி ஒதுக்கீடு 2030 வரை நீட்டிக்கப்பட்டது. 1950 முதல் இருந்துவந்த ஆங்கிலோ-இந்தியர் நியமனம் 2020 ஜனவரி 25-ஆம் தேதியுடன் காலாவதியானது. மக்களவையில் இரண்டு இடங்கள் போயின. தமிழகச் சட்டப்பேரவையிலும் 235 என்ற எண்ணிக்கை 234 ஆனது.

2011 கணக்கெடுப்புப் படிவத்தில் ஆங்கிலோ-இந்தியர் என்பதற்குத் தனிக் கேள்வியே கிடையாது. கேட்கப்படாத கேள்விக்கு வந்த விடையை நம்பி ஒரு சமூகத்தின் நாடாளுமன்ற இடத்தை முடிவுக்குக் கொண்டுவரலாமா என்பது அன்றைய விவாதத்தில் ஆற அமரப் பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம். அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

யார் ஆங்கிலோ-இந்தியர்? அரசமைப்புச் சட்டத்தின் 366-ஆவது பிரிவு இதற்கு விளக்கம் தருகிறது. தந்தையோ, தந்தை வழியில் வந்த ஆண் மூதாதையர் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும். இந்தியாவில் நிலையாக வாழும் பெற்றோருக்கு இங்கேயே பிறந்திருக்க வேண்டும். தாய் வழி கணக்கில் வராது. பெயரையும் வீட்டில் பேசும் மொழியையும் தோலின் நிறத்தையும் சட்டம் பொருட்படுத்துவதில்லை.

இந்த விளக்கத்தைப் படித்துவிட்டு கரண் கபூரின் உருவப்படங்களைப் பார்ப்பவருக்குச் சற்றுத் திகைப்பு ஏற்படும். இந்தி நடிகர் சசி கபூருக்கும் ஆங்கிலேய நடிகை ஜெனிஃபர் கெண்டலுக்கும் பிறந்த அவர், 1980-களில் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களை, பெரும்பாலும் முதியவர்களை, கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அப்படங்கள் 2016-இல்தான் இந்திய நகரங்களில் பரவலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. எந்த முகம் ஐரோப்பிய முகம், எந்த முகம் இந்திய முகம் என்று அவற்றில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு முதியவரையோ மூதாட்டியையோ அவர் வாழும் அறையில், அவர் விரும்பி உடுத்திய உடையில் பார்க்கிறோம். அவருடைய முப்பாட்டனார் யார் என்பது படத்தில் தெரிவதில்லை.

சட்டத்துக்கு வேண்டியது முப்பாட்டனார். படம் காட்டுவதோ எதிரே அமர்ந்திருப்பவரை. இந்த இடைவெளி இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. முகத்தைப் படமெடுத்தால் பூர்வீகம் பிடிபட்டுவிடும் என்று முதலில் நம்பியது அரசுதான்.

1857 கிளர்ச்சிக்குப் பின்னர், ஆளப்படும் மக்கள் யார் யார் என்று அறிந்துகொள்ள ஆங்கிலேய அரசு முனைந்தது. தலைமை ஆளுநர் கானிங் தம் சொந்தச் சேகரிப்பாகத் தொடங்கிய படங்கள் அரசுத் திட்டமாக வளர்ந்தன. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த 'இந்திய மக்கள்' 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. நானூற்றுக்கும் அதிகமான உருவப்படங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. குலத்தையும் தொழிலையும் சொல்வதோடு அக்குறிப்புகள் நின்றுவிடவில்லை. இவர்கள் நம்பத்தக்கவர்களா, அடங்கி நடப்பவர்களா என்றும் தீர்ப்புச் சொல்லின. படத்தில் இருப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னாளில் அலிகார் கல்லூரியை நிறுவிய சையது அகமது கான் 1869-இல் லண்டன் சென்றிருந்தார். இந்தியா அலுவலகத்தில் அவருடைய மகன் இத்தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அங்கு வந்த ஓர் ஆங்கிலேய இளைஞர், 'நீங்கள் இந்துஸ்தானியரா?' என்று வினவினார். ஆமென்று சொன்ன மகன் முகம் சிவந்து, தாம் மண்ணின் ஆதிகுடியல்லர், தம் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். இச்சம்பவத்தை எழுதிவைத்தவர் சையது அகமது கானே. அந்தப் படங்களில் தன்னைக் கண்டுகொள்ள விரும்பாத ஒரு படித்த இந்தியர், தப்பித்துக்கொள்ள உடனே கையிலெடுத்தது பூர்வீகத்தைத்தான்.

அதன்பின் கேமராவோடு அளவுகோலும் சேர்ந்துகொண்டது. அந்தமானில் போர்ட்மேன் என்ற அதிகாரி அத்தீவுக் குடிகளைக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்திப் படமெடுத்தார். உடலை அளப்பதற்கே அந்தக் கட்டங்கள். மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் தொடர்பு உண்டென்று வாதிட்ட ரிஸ்லி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கே ஆணையராக அமர்ந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார்; 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. தமிழகத்தில் சாதிச் சங்கங்கள் இன்றும் தம் பழம்பெருமைக்கு மேற்கோள் காட்டும் நூல் அது. அளந்தவர் போய்விட்டார், அளக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அளவு சான்றாகிவிட்டது!

பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய 'தென்னிந்தியப் பூர்வீகப் பெண்கள்' படவரிசை, இந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்த முயற்சி. எல்லாப் பாத்திரங்களையும் அவரே ஏற்றார். ரவி வர்மா ஓவியத்தின் நிலாவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, பழைய தமிழ்த் திரைப்படக் காட்சியில் சாட்டை சுழற்றும் ஜெயலலிதா எனப் பல வேடங்கள். கட்டத் திரையின் முன் அளவெடுக்கப்படும் பழங்குடிப் பெண்ணாகவும் நின்றார். ஒரே முகம் இத்தனை வகை மாதிரிகளாக மாற முடியுமானால், வகை என்பது முகத்தில் இல்லை, திரையிலும் உடையிலும் குறிப்பிலும்தான் இருக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கிவிடுகிறது. நகைச்சுவையாகச் செய்யப்பட்டது, ஆனால் தர்ஸ்டனுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் பார்த்ததில்லை.

இவையெல்லாம் கலைக்கூடத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. முகம் பார்த்துப் பூர்வீகம் சொல்லும் பழக்கம் சுதந்திர இந்தியாவில் யாரை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு சித்தி சமூகமே சாட்சி. தமிழ்க் காதுக்கு உறவுமுறைச் சொல்லாக ஒலிக்கும் இப்பெயர், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு உரியது. அகமதுநகர் அரசைத் தாங்கி நின்ற மாலிக் அம்பர் எத்தியோப்பியாவில் பிறந்தவர். ஜஞ்சிராவில் சித்திகள் அரசாண்டனர். இன்று குஜராத்தில் குஜராத்தி பேசுகிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காடுகளில் கொங்கணியும் கன்னடமும் பேசுகிறார்கள். கர்நாடக சித்திகளில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மதத்தினரும் உண்டு.

1980-களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம் ஒரு திட்டம் தீட்டியது. ஆப்பிரிக்க முகச்சாயல் இருப்பதால் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் சிறப்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் சித்திச் சிறுவர் சிறுமியர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். சிலர் தேசிய அளவில் பதக்கமும் வென்றனர். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் ஊர் திரும்பினர். மூக்கை அளந்த ரிஸ்லிக்கும் காலைப் பார்த்த நம் அதிகாரிகளுக்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. பார்வையில் அவ்வளவாக இல்லை.

மும்பைப் புகைப்படக் கலைஞர் கேதகி சேத் 2005-இல் கிர் காட்டுப் பகுதிக்குச் சென்றபோது சித்திகளைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சென்று எடுத்த படங்களை 2013-இல் நூலாக்கினார். ஜாம்பூர் போன்ற கிராமங்களின் வாசல்களில், திருமண வீடுகளில், தர்காக்களில் எடுக்கப்பட்டவை. தூரத்து நாட்டவரைக் காட்டும் தோரணை அவற்றில் இல்லை. தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கேமராவை நேராகப் பார்க்கும் பெண், எந்தக் குஜராத்திக் கிராமத்துப் பெண்ணையும் போலவே நிற்கிறாள்.

நூல் வெளிவந்த மறு ஆண்டு தலைநகரில் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 2014 ஜனவரியில், அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர் லாஜ்பத் நகரில் தம் தோற்றத்தைக் கேலி செய்தவர்களோடு ஏற்பட்ட தகராறில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். செப்டம்பர் இறுதியில் ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் ஆப்பிரிக்க மாணவர் மூவரை ஒரு கும்பல் தாக்கியது. அடுத்த மாதமே, அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில், இந்தியாவில் வாழ்ந்த ஆப்பிரிக்கத் தளபதிகள், அரசர்கள் பற்றிய ஓவிய, நிழற்படக் கண்காட்சி நடைபெற்றது. மெட்ரோவில் அடித்தவர்களுள் எவரும் அங்கு வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

வடகிழக்கு மாநிலத்தவர் மீதான தாக்குதல்களை ஆராய அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு அதே ஆண்டு அறிக்கை தந்தது. இன அடிப்படையிலான இழிவுபடுத்தலைத் தண்டிக்க இரு புதிய சட்டப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவ்விரு பிரிவுகளும் இடம்பெறவில்லை. இந்த நாட்டில் ஒவ்வொரு குடிமகனின் உருவப்படத்தையும் அரசு வைத்திருக்கிறது. வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அந்த அட்டைகள் எவரிடமும் 'நீ எந்த நாடு?' என்று கேட்பதில்லை. தெருவில்தான் அந்தக் கேள்வி எழுகிறது; கேட்பவருக்கு அட்டையைப் பார்க்கும் பொறுமையும் இருப்பதில்லை.

சித்திகளின் நிலையில் மாற்றமே இல்லை என்று சொல்வதற்கில்லை. கர்நாடகச் சட்ட மேலவைக்கு 2020-இல் சாந்தாராம் சித்தி நியமிக்கப்பட்டார். ஜாம்பூர் பெண்களின் முன்னேற்றத்துக்காக உழைத்த ஹீராபாய் லோபிக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எனினும் பட்டியல் விவகாரம் வேறு. உத்தர கன்னட சித்திகள் 2003-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தனர். மாவட்ட எல்லைக்கு அப்பால் தார்வாட், பெலகாவியில் வாழும் அவர்களுடைய உறவினர்கள் 2020-இல் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றும் வரை காத்திருக்க நேர்ந்தது. குஜராத் பட்டியலில் சித்தி என்ற பெயருக்கு எதிரே சௌராஷ்டிர மாவட்டங்கள் மட்டுமே உள்ளன.

இந்நிலையில், 1931-க்குப் பிறகு முதன்முறையாக அனைத்துச் சாதிகளும் பதிவுசெய்யப்படும் என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி அறிவித்தது. புதிய கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதி. கணக்கெடுப்பாளர் கேமரா கொண்டுவரப்போவதில்லை. குடும்பத்தினர் சொல்வதைத்தான் பதிவுசெய்வார். ஆனால் பழங்குடி என்று எழுதுவதற்கு முன் அவர் அரசின் பட்டியலைப் பார்த்தாக வேண்டும். குஜராத்தின் பரூச் மாவட்டத்தில், சித்திகளின் முதன்மையான தர்காக்களுள் ஒன்றான பாவா கோர் அமைந்துள்ள ரத்தன்பூர் சௌராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே வாழும் சித்திக் குடும்பத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.