கல்லறைக் கற்களை வாசித்தல்
சென்னை ஆர்மேனியரும் ஜுல்ஃபாவின் சிலுவைக் கற்களும்

சென்னை உயர் நீதிமன்றத்திற்கு அண்மையில் அரண்மனைக்காரன் தெரு என்றொரு தெரு உண்டு. அரண்மனைக்கும் இப்பெயருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆர்மேனியன் என்ற அயற்சொல் தமிழ் மக்களின் நாவில் புரண்டு, அவர்களுக்குப் பழக்கமான சொல்லாக உருமாறியதே இதன் வரலாறு. மக்கள் வழக்கு இவ்வாறு பிழைபடச் சொல்லிக்கொண்டே ஓர் உண்மையைக் காத்து நிற்பதுண்டு. அத்தெருவில் ஆர்மேனியர் இன்று வாழவில்லை. ஆனால் அவர்களுடைய தூய மரியாள் ஆலயம் உள்ளது. 1712இல் வேறிடத்தில் எழுந்த முதல் ஆலயத்திற்குப் பதிலாக 1772இல் இது இங்கே கட்டப்பட்டது. இதன் வளாகத்தில் ஏறத்தாழ 350 பேர் அடக்கம் பண்ணப்பட்டுள்ளனர். வழிபடும் சபை இல்லாத ஓர் ஆலயத்தில் கற்கள் மட்டுமே சாட்சி பகருகின்றன. அவற்றை வாசிப்பது எப்படி, வாசித்து எழுதி வைப்பதால் விளைவது என்ன என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

ஆர்மேனிய நாடு கி.பி. 301இல் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றது என்பது மரபு. கி.பி. 405ஐ ஒட்டி மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவி 36 எழுத்துக்களை வகுத்தார். வேதாகமத்தை மொழிபெயர்க்கவே அவ்வெழுத்துக்கள் பிறந்தன என்பதை நம் மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும். கல்கெதோன் சங்கத்தின் வரையறையை ஏற்காத கீழைத் திருச்சபைகளுள் ஆர்மேனியத் திருச்சபையும் ஒன்று. அவ்வகையில் அது கேரளத்து மலங்கரைச் சபைக்கு உறவுடையது.

1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மேனியரை வேரோடு பெயர்த்து, தம் தலைநகராகிய இஸ்பஹானுக்கு அருகே குடியேற்றினார். அக்குடியிருப்பு புதிய ஜுல்ஃபா எனப்பட்டது. அங்கிருந்தே வணிகர் இந்தியாவெங்கும் பரவினர். 1688இல் கிழக்கிந்தியக் கும்பினி அவர்களோடு செய்த உடன்படிக்கையின்படி, ஆர்மேனியர் 40 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குடியேறும் ஊரில் கும்பினியே ஆலயத்திற்கு நிலம் தந்து, குருவானவருக்கு ஏழாண்டுக் காலம் ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்க வேண்டும். வணிக ஒப்பந்தத்தில் ஆலயத்திற்கும் இடம் கேட்ட மக்கள் அவர்கள்!

அவர்களை இக்கரைக்கு ஈர்த்தவற்றுள் சோழமண்டலத்துப் பருத்தித் துணி முதன்மையானது. செல்லூரில் தறி ஓசையின் நடுவே ஊழியம் செய்வோர்க்கு இச்செய்தி சற்று நெருக்கமானது. சென்னையில் அச்சிட்டு வண்ணந்தீட்டிய பருத்தித் திரைகள், ஆர்மேனிய எழுத்துக்கள் தாங்கி, தொலைநாட்டு ஆர்மேனிய ஆலயங்களின் பலிபீடத் திரைகளாகச் சென்றன. தபசுகாலம் முழுவதும் பலிபீடத்தைத் திரையிட்டு மறைப்பது அச்சபையின் வழக்கம். நம் நாட்டு நெசவாளரின் துணி அங்கே வழிபாட்டின் ஓர் அங்கமாயிற்று.

சென்னை ஆர்மேனியருள் கோஜா பெத்ருஸ் உஸ்கான் புகழ் பெற்றவர். 1726இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்கு ஏறும் படிகளைச் சமைத்தவரும் அவரே. பழைய பாலம் மறைந்துவிட்டது. ஆயினும் ஆர்மேனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் பொறித்த அதன் கல்வெட்டு சாலையோரத்தில் எஞ்சி நிற்கிறது. 1751இல் அவர் மறைந்தபோது உடல் வேப்பேரியில் அடக்கம் பண்ணப்பட்டது. இருதயமோ, அவர் விருப்பப்படி, பேழையில் வைத்துப் புதிய ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. அவருடைய ஆதரவில் வளர்ந்த வேப்பேரிச் சிற்றாலயம் 1752இல் எஸ்.பி.சி.கே. சங்கத்தாரின் ஊழியத்திற்கு வழங்கப்பட்டது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரிசியஸ் ஐயர் ஊழியம் செய்த இடம் அதுவே. ஆக, இந்த ஆர்மேனிய வணிகர் நம் சபை வரலாற்றின் வாசற்படியிலேயே நிற்கிறார். நம் சபை வரலாறுகளோ அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1772ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் நினைக்கத்தக்கது. வேப்பேரியில் பப்ரிசியஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய அதே ஆண்டில், ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற வணிகர் சென்னையில் ஆர்மேனிய அச்சகம் நிறுவினார். விடுதலை பெற்ற ஆர்மேனியாவுக்கென 521 விதிகள் கொண்ட அரசியலமைப்பு நூல் ஒன்று அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதன் முகப்பில் 1773 என்றிருப்பினும் நூல் முற்றுப்பெற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. முகப்பேட்டு ஆண்டை அப்படியே நம்பலாகாது என்பதற்கு இது நல்ல சான்று. 1794 அக்டோபரில் ஷிராஸ் நகரத்துக் குருவானவர் ஹருத்தியூன் ஷ்மவோனியன் ‘அஸ்தரார்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மேனிய இதழ் அதுவே. 18 இதழ்களோடு 1796இல் நின்றுபோயிற்று. 1824இல் மறைந்த அவருடைய கல்லறை அரண்மனைக்காரன் தெரு ஆலய வளாகத்திலேயே இருக்கிறது.

இனி, இக்கற்களை வாசிக்கும் முறைக்கு வருவோம். தமிழில் க என்பது ஒன்றையும் உ என்பது இரண்டையும் குறிப்பது போல, ஆர்மேனியத்திலும் எழுத்துக்களே எண்கள். 36 எழுத்துக்களையும் ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசையாக்கினால், முதல் வரிசை ஒன்றுகள், இரண்டாவது பத்துக்கள், மூன்றாவது நூறுகள், நான்காவது ஆயிரங்கள். ஆர்மேனியப் பேராண்டு கி.பி. 552இல் தொடங்குகிறது. ஆகவே ஆயிரத்துக்குரிய எழுத்தும் இருநூறுக்குரிய எழுத்தும் மட்டும் ஒரு கல்லில் இருந்தால் அது 1200ஆம் ஆண்டு. 551ஐக் கூட்ட, கி.பி. 1751 என்றாகும். 18ஆம் நூற்றாண்டில் அவ்வாண்டு செப்டம்பர் வாக்கில் பிறந்தமையால், ஆண்டிறுதி மாதங்களுக்கு 550ஐயே கூட்ட வேண்டும். இதனோடு முடிந்தபாடில்லை. ஜுல்ஃபா வணிகர் 1616இல் தொடங்கும் அசாரியா ஆண்டு என்ற வேறொரு கணக்கையும் கையாண்டனர். ‘அஸ்தரார்’ இதழில் காணப்படுவது இக்கணக்கே. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் ஒரு மனிதரை அவர் பிறப்பதற்கு முன்பே அடக்கம் பண்ணிவிடுவார். ஆலய மணிக்கூண்டிலுள்ள ஆறு மணிகளுள் ஒன்றில் தமிழ் எழுத்துக்கள் இருப்பதையும் இங்கே சொல்லவேண்டும். வாசிப்பவர்க்கு ஒரு மொழி மட்டும் போதாது.

இப்பணியில் முன்னோடிகள் சிலர் உண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்டார். கல்கத்தாவில் வாழ்ந்த மெஸ்ரோவ்ப் ஜேக்கப் சேத், இந்திய ஆர்மேனியரின் கல்லறை வாசகங்களை ஊர் ஊராகத் தேடிப் படித்து, 1937இல் தம் பெருநூலை வெளியிட்டார். தம் இனத்தாரைப் புகழுமிடங்களில் சேத் சற்று அளவு மீறுவார். எனினும் அவர் படியெடுத்த வாசகங்களின்றி இன்று எவரும் இத்துறையில் அடியெடுத்து வைக்க இயலாது.

படியெடுத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பழைய ஜுல்ஃபாவே காட்டுகிறது. ஆர்மேனியர் கச்சகார் எனப்படும் சிலுவைக் கற்களை நாட்டும் மரபினர். நம் நாட்டு நடுகல்லில் வீரனின் உருவம் நிற்கும். அவர்கள் கல்லில் சிலுவை நிற்கும், அதனடியிலிருந்து கொடியும் இலையும் கிளைத்து எழும். மரணத்தின் மரம் ஜீவவிருட்சமாகத் தளிர்ப்பதை இறையியல் நூல் எழுதாத கல்தச்சர் அவ்வாறு சொன்னார்கள். 1648இல் ஜுல்ஃபா இடுகாட்டைக் கண்ட அலெக்சாந்தர் தெ ரோட் என்ற குருவானவர் அங்கே 10,000 கற்கள் இருந்ததாக எழுதினார். 1970களில் ஏறத்தாழ 2,700 எஞ்சியிருந்தன. அஜர்பைஜானின் நாகிச்செவன் பகுதியில் அடங்கிய அவ்விடுகாட்டில், 2005 டிசம்பரில் படைவீரர் சம்மட்டிகளால் கற்களை உடைத்ததை ஆற்றின் மறுகரையான ஈரானிலிருந்து சிலர் படம் பிடித்தனர். அந்நாட்டு அரசு இதனை மறுத்தது. ஆயினும் 2003, 2009 ஆகிய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2010இல் வெளிவந்த அறிக்கை, கற்கள் நின்ற நிலம் மட்டமாக்கப்பட்டதைக் காட்டியது.

அர்காம் ஐவாஸியன் என்ற ஆய்வாளர், சோவியத் ஆட்சிக் காலத்தில், 1960கள் முதல் அப்பகுதிக் கற்களைப் புகைப்படமெடுத்தும் வாசகங்களைப் படியெடுத்தும் வைத்திருந்தார். இன்று ஜுல்ஃபா இடுகாடு என்று ஒன்றிருக்குமானால் அது பெரும்பாலும் அவ்வேடுகளிலேயே இருக்கிறது. சென்னைக் கற்களின் கீழ் உறங்குவோருள் மிகப் பலருடைய பாட்டன்மாரும் பூட்டன்மாரும் அங்கே கிடந்தவர்கள்.

நம் இடுகாடுகளை உடைக்கச் சம்மட்டி வேண்டியதில்லை. சுற்றுச்சுவர் கட்டவும் வண்டி நிறுத்த இடம் காணவும் பழைய கற்கள் பெயர்க்கப்படுகின்றன, சுண்ணாம்பு பூசப்படுகின்றன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் 1882இல் கண்டறியப்பட்டன. அவை தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைக்கும் வரை 42 ஆண்டுகள் சென்றன. படியெடுத்து வைத்திருந்தமையால் வாசிப்பவர் வரும்வரை அவை காத்திருக்க முடிந்தது.

ஆகவே விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் சபையின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வரிசையையேனும் எழுதி வருவாராக. கல்லைச் சுரண்ட வேண்டாம். கம்பித் தூரிகையும் அமிலமும் ஆகா. தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். பிழை என்று தோன்றினும் கண்ட எழுத்தைக் கண்டவாறே எழுதுக. சிதைந்த இடத்தில் புள்ளியிடுக. கல்லின் நீள அகலமும் அது நோக்கும் திசையும் குறிக்கப்படட்டும். நண்பகல் வெயிலில் எழுத்து தெரியாது. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது, தேய்ந்த எழுத்தும் சிறிது நிழல் கொடுக்கும், அப்போது படமெடுக்கலாம்.