சூளை வேலைக்கு எந்த உடல்நலத் திட்டம் பொருந்தும்?

கார்த்திகை நெருங்கும் மாதங்களில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு வேலை மும்முரமாகும். மற்ற நாட்களில் பீங்கான் இன்சுலேட்டர், ஃப்யூஸ் கேரியர், பொம்மைகள் என்று வேலை ஓடும். களிக்குழம்பை அச்சில் ஊற்றுகிறார்கள். காய்ந்த பொருளின் பிசிறைச் சீவி வழுவழுப்பாக்குகிறார்கள். கிளேஸில் முக்கிச் சூளையில் அடுக்குகிறார்கள். இதில் பாதி வேலை நின்றபடி, மீதி குந்தியபடி. சூளை எரியும் பட்டறையில் சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டால் உள்ளே நிற்பதே ஒரு வேலை.

பணியிட உடல்நலத் திட்டம் என்றதும் பலருக்கும் நினைவு வருவது சென்னையின் ஐ.டி. நிறுவனங்கள்தான். அங்கே ஜிம் உண்டு, யோகா வகுப்பு உண்டு, யார் அதிகம் நடந்தார் என்று செல்போனில் போட்டி உண்டு. அதே திட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு பீங்கான் பட்டறையில் வைத்தால் ஒரு வாரம்கூட நிற்காது. சத்தாகச் சாப்பிடுவதும் உடற்பயிற்சி செய்வதும் இங்கே உள்ளவர்களுக்கும் வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை நான்கு: தூசு, தண்ணீர், கழிப்பறை, நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம்.

உழைக்கிற உடம்புக்கும் சர்க்கரை வரும்

“நாள் பூரா ஓடியாடி வேலை செய்யறவங்களுக்கு சுகர் எப்படிங்க வரும்?” என்ற கேள்வியைத் தொழிலாளர் கூடும் எந்த மருத்துவ முகாமிலும் கேட்கலாம். வரும் என்பதே பதில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான இன்டியாப் ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. வயதுவந்தோரில் 11.4 சதவீதம் என்பது நாட்டின் சராசரி. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். உயர் ரத்த அழுத்தம் நாடு முழுவதும் 35.5 சதவீதம் பேருக்கு இருந்தது. மூன்றில் ஒருவர் என்றால் ஒவ்வொரு பட்டறையிலும் சிலர் இருக்கத்தான் செய்வார்கள்.

உடலுழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றுதானா என்பதை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆராய்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்த அந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் நடந்தவர்களுக்கும் விளையாடியவர்களுக்கும் மாரடைப்பு குறைந்திருந்தது. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கோ அது கூடியிருந்தது. புகைப்பழக்கம், படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை. காரணம் இப்படி இருக்கலாம். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் இதயத் துடிப்பு ஏறி, பிறகு இறங்கி, உடம்பு தேறிக்கொள்கிறது. எட்டு மணி நேரம் நின்றும் தூக்கியும் வேலை செய்பவருக்கு நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்குவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. இதை வைத்து உடலுழைப்பே கெடுதல் என்று முடிவுகட்ட வேண்டாம். வேலையில் செய்யும் அசைவையும் உலக சுகாதார நிறுவனம் உடலியக்கமாகவே கணக்கிடுகிறது. ஆனால் களிமண் மூட்டை தூக்கும் ஒருவருக்கு முதலில் வேண்டியது ஓய்வு. வியர்க்க வியர்க்க இன்னொரு பயிற்சி பிறகு வரட்டும்.

அறிவுரை எவ்வளவு தூரம் போகும்?

அமெரிக்காவில் பணியிட உடல்நலத் திட்டங்கள் பெரிய வியாபாரம். பலன் உண்டா என்று அங்கே முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினருக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்தது. பி.ஜே’ஸ் என்ற மொத்த விற்பனைக் கடைகளின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களிடையே நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, “முன்பைவிட உடற்பயிற்சி செய்கிறேன்” என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, விடுப்பு நாட்கள், மருத்துவச் செலவு எதிலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

இந்திய அனுபவம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. மருத்துவர்கள் பிரபாகரன், ஸ்ரீநாத் ரெட்டி உள்ளிட்டோர் இந்தியத் தொழிற்சாலைகளில் சுமார் நான்கு ஆண்டுகள் நடத்திய திட்டத்தின் முடிவு 2009-ல் வெளிவந்தது. தொழிலாளர்களின் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை எல்லாம் குறைந்திருந்தன. பிற்பாடு அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாட்டின் 11 பணியிடங்களில் ‘இந்தியா வொர்க்ஸ்’ ஆய்வை நடத்தின. வகுப்பு எடுத்தவர்களில் உடன் வேலை செய்பவர்களும் இருந்தார்கள். கேன்டீன் சாப்பாட்டிலும் கை வைத்தார்கள். இந்த இரண்டும் முக்கியம். வெளியிலிருந்து வரும் நிபுணர் மாதம் ஒருமுறை பேசிவிட்டுப் போவதைவிட, பக்கத்து இருக்கைக்காரர் தினமும் சொல்வது மனதில் நிற்கிறது. தட்டில் விழும் சோறு மாறினால் தனியாக மனவுறுதி எதுவும் வேண்டியதில்லை.

தூசு

பீங்கானுக்குக் களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் பொடிகள் சேர்கின்றன. குவார்ட்ஸ் என்பது படிக வடிவச் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை போய் அங்கேயே தங்குகிறது. அதைச் சுற்றித் தழும்பு விழுகிறது. ஆண்டுக்கணக்கில் தழும்பு பரவ, நுரையீரல் விரியும் திறனை இழக்கிறது. இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து இதற்குக் கிடையாது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் பல மடங்கு அதிகம். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது.

உலகின் பல பீங்கான் ஊர்கள் இதை அனுபவித்திருக்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் மருத்துவராக இருந்த ஜான் ஆர்லிட்ஜ், பாண்டத் தொழிலாளர்களின் மார்புநோயைப் பற்றி 1892-லேயே தன் நூலில் விரிவாக எழுதினார். 130 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த நோய் இது. தடுக்கும் வழிகளும் பெரும் பணம் கேட்பவை அல்ல.

உலர்ந்த துடைப்பத்தால் பட்டறையைப் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். காற்றழுத்தக் குழாயால் உடையிலும் பொருளிலும் உள்ள பொடியை ஊதித் தள்ளும் பழக்கம் மிக ஆபத்தானது. காய்ந்த பொருளைச் சீவும்போதும், அரைக்கும் பால்மில்லில் பொடியைக் கொட்டும்போதும்தான் தூசு அதிகம் எழும். அந்த இரண்டு இடங்களிலாவது தூசை இழுக்கும் உறிஞ்சு விசிறி தேவை. கைக்குட்டையோ புடவைத் தலைப்போ நுண்தூசைத் தடுக்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும், அதையும் நைந்து போகுமுன் மாற்ற வேண்டும். களி படிந்த உடையோடு வீட்டுக்குப் போனால் அந்தப் பொடி குழந்தைகளின் பாய்வரை போகும் என்பதால் உடை மாற்ற ஓர் இடம் தேவைப்படுகிறது.

பீடி இதோடு சேர்ந்தால் கேடு கூடும். தூசில் வேலை செய்பவருக்குப் புகைப்பதை விடுவதுதான் தன் கையில் உள்ள மிகப் பெரிய சிகிச்சை.

உடற்பயிற்சித் திட்டம் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி செய்யும்போது மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். தூசு நிறைந்த பட்டறைக்குள் மூச்சுப் பயிற்சி நடத்தினால் துகள்கள் இன்னும் உள்ளேதான் போகும்.

தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள்

சூட்டில் வேலை செய்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் என்பது வெப்ப வேலைக்கான பொது வழிகாட்டல். மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவருக்கு வியர்வையில் போகும் உப்பு உணவிலேயே திரும்பிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர் மோரில் கைநிறைய உப்பு போட்டுக் குடிப்பது நல்லதல்ல.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தமிழ்நாட்டின் சூடான பணியிடங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். உப்பளத் தொழிலாளர்களிடம் அவர் குழு செய்த ஆய்வில் பெரும்பாலோர் அனுமதிக்கத்தக்க அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தது தெரிந்தது. சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இத்தகைய இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். காரணம் கழிப்பறை இல்லாதது. சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பெண்கள் வேலை செய்யும் பட்டறையில் “தண்ணீர் நிறைய குடியுங்கள்” என்று பலகை மாட்டுவதற்கு முன்னால், தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையைக் கட்ட வேண்டும்.

டீயும் வடையும் மல்லாட்டையும்

தொழிற்சாலைச் சட்டம் 1948, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 100 பேராகக் குறைத்திருக்கிறது. விருத்தாசலத்தின் சிறு பட்டறைகள் இந்த இரண்டு கணக்கிலும் வராது. அங்கே கேன்டீன் என்பது வாசலில் உள்ள டீக்கடைதான்.

ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் நாற்பது கிராம் ஆகிவிடும். நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று சேரும் நம் தட்டில் அது எளிதாக இரட்டிப்பாகிறது. மதிய டப்பாவில் நிறையச் சோறு, கொஞ்சம் குழம்பு, காய் பெயருக்கு. தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்கிறது 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி.

இதற்கு ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் தேட வேண்டாம். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் நாடறிந்தவை. சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் அந்த நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை. நாலு மணிக்கு எண்ணெய் வடைக்குப் பதிலாக ஒரு கை அவித்த மல்லாட்டையோ சுண்டலோ கிடைத்தால் புரதமும் கிடைக்கும், பசியும் அடங்கும். கேழ்வரகுக் கூழும் மோரும் கோடைக்கு ஏற்றவை. நீரிழிவு உள்ளவர் கூழையும் அளவோடுதான் குடிக்க வேண்டும், அதுவும் மாவுச்சத்தே.

ஒரு பட்டறையால் தனியாகச் சமையலறை கட்ட முடியாது. தொழிற்பேட்டை முழுவதற்கும் பொதுவாக ஒன்று நடத்த முடியும். உரிமையாளர்கள் பங்கு போட, மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று பொறுப்பேற்றால் தூசு படாத இடத்தில் கை கழுவி உட்கார்ந்து சாப்பிட வழி பிறக்கும். கைகழுவுவது இங்கே சம்பிரதாயம் இல்லை. சிலவகைக் கிளேஸில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் சோற்றுக் கவளத்தோடு வயிற்றுக்குள் போகும்.

நடை எங்கே?

2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைந்தது. நல்ல முயற்சி. ஆனால் மாவட்டத் தலைநகரான கடலூர், விருத்தாசலத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விருத்தகிரீஸ்வரர் கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் பள்ளி மைதானங்களிலும் வெளிச்சமும் பாதுகாப்பும் இருந்தால் உள்ளூரிலேயே நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிட நடை போதும். பட்டறையில் உடனே செய்யக்கூடியதும் உண்டு. குந்தியிருப்பவர் மணிக்கொரு முறை எழுந்து இடுப்பையும் தோளையும் நீட்டி மடக்கட்டும். நின்றே இருப்பவருக்கு உரிமையாளர் ஒரு முக்காலி கொடுக்கட்டும்.

தேடி வரும் மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. வீடுதேடிப் போகும் அந்தக் குழுவினர் பகலில் வந்தால் தொழிலாளி வீட்டில் இருப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. பணியிடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் அங்கேயே தருவது அதன் முறை. பெரிய ஆலைகளில் இது எளிது. சிறு பட்டறைகள் சேர்ந்திருக்கும் தொழிற்பேட்டையை ஒரே பணியிடமாகக் கருதி, மாதம் ஒருநாள் முகாம் வைத்தால் எல்லோருக்கும் எட்டும்.

பீங்கான் தொழிலாளருக்கு இந்த இரண்டு சோதனைகள் மட்டும் போதாது. தூசில் வேலை செய்பவருக்கு அவ்வப்போது மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் திறன் சோதனையும் தேவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சு வாங்கினாலோ அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அங்கே இலவசம். காசநோய் உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். எந்தப் பட்டறையில், எத்தனை ஆண்டு, சீவும் வேலையா சூளை வேலையா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். காசநோய்க்கும் சிலிக்கோசிஸுக்கும் எக்ஸ்ரே நிழல் ஒன்றுபோலத் தெரியலாம், பிரித்தறிய உதவுவது அந்த வேலை விவரம்தான். சிலிக்கோசிஸ், பழைய தொழிற்சாலைச் சட்டத்தைப் போலவே புதிய தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் உள்ள நோய். அதைக் கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வு அதிகாரியின் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அப்படி ஒருவரின் நோய் பதிவானால், அதே பட்டறையில் அவர் பக்கத்தில் நின்று சீவிக்கொண்டிருப்பவர்களையும் சோதித்துப் பார்க்க அதிகாரிகளுக்கு முகாந்திரம் கிடைக்கிறது.