சிப்பியைக் கேளுங்கள்!

கொற்கை என்றால் முத்து. முத்து என்றால் கொற்கை! பாண்டியர் காலத்துப் புலவர்கள் பாடினர். யவனர் பொன்னைக் கொட்டி வாங்கினர். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவரெல்லாம் இந்தக் கரைமீது கண் வைத்தனர். அந்தக் கடலில், அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது நடந்த ஆண்டு 1961.

முத்து நின்றதற்கு இரசாயனமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. முத்துப்பார்கள் பொய்ப்பதும் பிறகு செழிப்பதும் பழங்காலந்தொட்டு நடப்பவை. ஆனால், மீண்டும் செழிக்கவிடாத புதுப்பகை ஒன்று கடலில் புகுந்திருந்தால், அதை நமக்கு அறிவிப்பவர் யார்? இதுதான் நம் கேள்வி.

கண்ணுக்குத் தெரியும் பகையை உலகம் ஓடி வந்து பார்க்கும். 2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அருகே ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்கியது. அதன் பெயர் ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’. பேர்ல் என்றால் முத்து! அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டி, இலங்கைக் கரையில் முத்தைப் போலக் குவிந்தன. அள்ளிக் காட்ட முடிந்தது, வழக்கும் நடந்தது.

கண்ணுக்குத் தெரியாத பகையை எந்தக் கையால் அள்ளிக் காட்டுவது?

கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் வேகம் குறையும். எண்ணெய்ச் செலவு கூடும். ஒட்ட வருவதைக் கொல்ல நஞ்சு கலந்த வர்ணம் பூசினார்கள். அந்த நஞ்சு டி.பி.டி. என்னும் வெள்ளீயச் சேர்மம். 1960களில் பரவத் தொடங்கிய அதற்கு மகத்தான வரவேற்பு! முதலாளிக்கு இலாபம், கப்பலுக்கு வேகம், கடலுக்கு? அதை யாரும் கேட்கவில்லை.

பிரான்சு நாட்டில் ஆர்க்கஷோன் என்றொரு விரிகுடா. சிப்பி வளர்த்துப் பிழைக்கும் ஊர்கள் அதன் கரையில் உள்ளன. 1970களின் இறுதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகளோ தடித்துக் கோணின. காரணம் படகுகளின் வர்ணம் என்று தெரிந்தது. 1982இல் சிறு படகுகளுக்கு அந்த வர்ணத்தைத் தடை செய்தது பிரான்சு. இங்கிலாந்துக் கரையில் சங்குக்கு உறவான கடல் நத்தைகளில், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து முட்டையிட வழியற்றுப் போயிற்று. இதற்கு வேண்டிய நஞ்சு எவ்வளவு? ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு!

உலகக் கப்பல்கள் அனைத்துக்குமான தடை நடைமுறைக்கு வந்தது 2008இல். பிரான்சு விழித்த பிறகு இருபத்தாறு ஆண்டுகள்! தூத்துக்குடி 1974இலேயே பெருந்துறைமுகம் ஆகிவிட்டது. பல நாட்டுக் கப்பல்கள் அத்தனை ஆண்டுகளும் இங்கே நங்கூரமிட்டன. துறைமுகச் சேற்றில் தங்கினால் இந்த நஞ்சு எளிதில் அழிவதில்லை. ஆழப்படுத்தத் தோண்டும்போது மீண்டும் நீரில் கலக்கும்.

டி.பி.டி. போயிற்று, இனிக் கவலையில்லை என்பீர்களோ? மாற்றாக வந்தவற்றுள் ஒன்று சைபுட்ரின். அது பாசியைக் கொல்வது. பவழத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியையும் அது விடாது. அதைப் பூசவும் 2023 ஜனவரி முதல் உலகத் தடை. ஒரு நஞ்சை விலக்க இன்னொரு நஞ்சு. அதை விலக்க மற்றொன்று! இவற்றோடு நகரச் சாக்கடை வழியே மருந்துக் கழிவும் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் முதலில் விற்பனை, பிறகு சாவு, கடைசியில் ஆராய்ச்சி. இதுவா முறை?

திரேஸ்புரத்துச் சங்குகுளிப்பவர் கடலில் மூழ்குவார். பார் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு சொல்வார். “ஆதாரம் எங்கே?” என்று அவரையே கேட்பது அறமாகுமா? நஞ்சு கலப்பவனல்லவா அது தீங்கற்றது என்று மெய்ப்பிக்க வேண்டும்!

ஆதாரம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி, நீரில் உள்ள நஞ்சைத் தன் தசையில் சேர்த்து வைக்கிறது. அமெரிக்கா 1986 முதல் தன் கரையெங்கும் சிப்பிகளை எடுத்துச் சோதித்துக் கணக்கு வைத்தது. நமக்கு ஆற்றல் இல்லையா? 1973இல் சிப்பிக்குள் முத்தை விளைவித்துக் காட்டிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கூடம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. மீன்வளக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது.

எனவே கேட்கிறோம்: துறைமுக வாயிலிலும் முத்துப்பார்களிலும் ஆண்டுதோறும் சிப்பியையும் சங்கையும் எடுத்துச் சோதியுங்கள். முடிவை ஆங்கில ஏடுகளுக்குள் பூட்டி வைக்காமல், மீன் இறங்கும் துறைதோறும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வலை இழுப்பவரும் மீன் விற்கும் தாய்மாரும் படித்தறியட்டும்.

முத்தைத் தேடி ஆயிரமாயிரம் ஆண்டுகள் சிப்பியைப் பிளந்தோம். இனி உண்மையைத் தேடியும் பிளப்போம்!